புதுப்பிப்பு: 9.9 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு படகு மோட்டாருக்கு எந்த ஆயில்?

கார் ஆயில் 5டபிள்யூ-30 ஊற்றலாமா, ஆயில் மட்டம் ஏன் ஏறுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'எஃப்சி-டபிள்யூ' (ஃபோர்-ஸ்ட்ரோக் படகு எஞ்சின் ஆயிலுக்கான தரச் சான்று) முத்திரையுள்ள 10டபிள்யூ-30 போடச் சொன்னதே சரி. துருவைத் தடுக்கும் சேர்மானம் அதில் உண்டு. (டிசி-டபிள்யூ3 முத்திரை டூ-ஸ்ட்ரோக்குக்கானது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.)

எதிர்பாராதது: ஆயில் மாற்றியும் மட்டம் ஏறியது. ஆயிலில் பால் நிறம் இல்லை, ஆகவே தண்ணீர் இறங்கவில்லை. டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் அளக்கும் குச்சி) பெட்ரோல் வாடை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது. எஞ்சின் சூடேறாததால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டையும் கேஸ்கெட்டையும் மாற்றி, ஆயில், ஃபில்டர் புதிதாகப் போட்டு 20 மணி நேரம் ஓடியாயிற்று, மட்டம் அசையவில்லை.

அளக்கும்போது மோட்டாரை நேராக நிறுத்தி, அணைத்து 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அளவு தவறாகக் காட்டும்.