புதுப்பிப்பு: மிலோஸ் தீவில் மெல்டெமிக் காற்றுக்கு ஒதுங்கும் இடங்கள்

ஆகஸ்டில் கிரேக்கத்தின் மிலோஸ் தீவைப் பாய்மரப் படகில் சுற்றும்போது எங்கே நங்கூரமிடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பயணம் முடிந்துவிட்டதால் விடையை இங்கே பதிகிறேன். கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி நாள்கணக்கில் நீடிக்கக்கூடியது என்பதால், தென்கரையிலுள்ள ப்ரோவாட்டாஸும் தென்மேற்கு முனையின் கிளெஃப்டிகோவும் (பகலில் சுற்றுலாப் படகுகளின் நெரிசலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்) நல்ல ஒதுக்கிடங்களாக அமைந்தன. ஆனால் அலை அடங்கிய இடத்தில் காற்றும் அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். மலைச்சரிவில் இறங்கிவரும் காற்று திடீர் வீச்சுகளாகப் படகை அங்குமிங்கும் திருப்பும். ஆகவே, கடற்புல்லைத் தவிர்த்து, வெளிர்நிறமாகத் தெரியும் மணற்பரப்பில் நங்கூரத்தை இறக்கி, ஆழத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் சங்கிலி விட்டோம். தெற்குக் காற்று வருமென வானிலை அறிக்கை சொன்னால் இவ்விரண்டும் உதவா. அப்போது அடமாஸ் துறைமுகம் இருக்கும் பெரிய வளைகுடாவுக்குள் வந்து, அதன் தென்கரையில் ஒதுங்குவதே நல்லது.