கோட்டின் வலது லேபல் முனை மட்டும் எழும்புகிறது

40 சைஸ் கோட், இரண்டு பட்டன், நாட்ச் லேபல் (கழுத்திலிருந்து நெஞ்சின் மேல் மடிந்து விழும், வெட்டு விட்ட பகுதி), அகலம் 3¼ இஞ்ச். துணி டெரி வுல். ஊர் ஈரோடு, திங்கள் டெலிவரி.

இஸ்திரி போட்டதும் இரண்டு பக்கமும் அழகாகப் படிகிறது. ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கினால் போதும், வலது முனை நெஞ்சை விட்டு மேலே சுருண்டு, அடித்துணி விளிம்பில் எட்டிப் பார்க்கிறது. இடது அசையவே இல்லை.

ஃபேசிங்குக்கு (லேபலில் வெளியே தெரியும் மேல் துணி) சுற்றிலும் 1/8 இஞ்ச் கூடுதல் விட்டு, அதை மெஷின் பல் பக்கம் அடியில் வைத்துத்தான் தைத்தது. தையல் ஓரத்தை ஏறுபடியாக நறுக்கியாச்சு. முனையில் ஃபியூசிங் (விறைப்புக்கு இஸ்திரி போட்டு ஒட்டும் துணி) தையலுக்குள் போகவில்லை. மடிப்புக் கோட்டுக்கு ¼ இஞ்ச் உள்ளே டேப்பும் இழுத்துப் பிடித்தாச்சு. பிரித்துத் தைத்தும் அதே கதை. ஒரே வித்தியாசம்: துணி பத்தாமல் வலது ஃபேசிங் மட்டும் நேர்நூலிலிருந்து (துணியின் நீளவாட்டு நூல்) சற்றுச் சாய்வாக விழுந்திருக்கிறது. மீதித் துணி துளியும் இல்லை.

ஃபேசிங்கை மாற்றாமல் இந்த முனையைப் படிய வைக்க வழி உண்டா?