அருகிலுள்ள விண்மீன்களின் கோள்களைத் தொலைநோக்கியில் நேரடியாகப் பார்க்க முடியுமா?

கயல்:
ப்ராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுதான். அதன் கோளுக்குப் படம் இல்லை. 130 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் எச்.ஆர். 8799 என்ற விண்மீனின் நான்கு கோள்களுக்குப் படம் இருக்கிறது. ஏன்? என் 8 அங்குல டாப்சோனியனில் (கையால் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி) ஏதாவது சாத்தியமா?

செழியன்:
தூரத்தை விடுங்க, வானத்தில் தெரியும் இடைவெளியைப் பாருங்க. ப்ராக்சிமாவின் கோளான ப்ராக்சிமா பி அதனிடமிருந்து அதிகபட்சம் 0.037 ஆர்க்செகண்ட்தான் விலகும் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட விஎல்டி தொலைநோக்கியே 1.6 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பில் 0.05-க்குக் குறைவாகப் பிரித்துக் காட்டாது. எச்.ஆர். 8799-இல் மிக உள்ளே இருக்கும் கோளே 0.4 தள்ளி நிற்கிறது. போதாததற்கு அவை பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆனவை, இன்னும் 1000 கெல்வின் அளவில் தகிக்கின்றன. பிரதிபலித்த ஒளியில் சூரியன் வியாழனைவிட 100 கோடி மடங்கு பிரகாசம். எச்.ஆர். 8799-இல் அகச்சிவப்பில் வித்தியாசம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு.

அமுதன்:
விண்மீனின் ஒளியைத் தடுக்கும் கரோனாகிராஃப் என்ற கருவியை வைத்து மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கண்ணாடியில் உள்ள நுண்பிழைகளால் விண்மீனைச் சுற்றிப் புள்ளிப்புள்ளியாக ஒளி சிதறும், ஒவ்வொன்றும் கோள் மாதிரியே இருக்கும். அதனால் கருவியைச் சுழலவிடாமல் நிறுத்தி, வானத்தை மட்டும் சுழலவிட்டு, தொடர்ந்து படமெடுப்பார்கள். சிதறல் அசையாது, கோள் நகரும். சிதறலைக் கழித்துவிட்டு, படங்களை ஒரே திசைக்குத் திருப்பிக் கூட்டினால் கோள் மிஞ்சும். சுழற்சி போதாவிட்டால் கோளும் சேர்ந்து கழிந்துவிடும்: 0.4 ஆர்க்செகண்டில் சுமார் 7 டிகிரி போதும், 0.1-இல் 28 வேண்டும். விண்மீன் உச்சியைக் கடக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். கிடைத்த புள்ளி பின்னணி விண்மீனாகவும் இருக்கலாம். பல மாதம் கழித்து மறுபடி எடுத்து, விண்மீனோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கோள் என்பார்கள்.

கயல்:
குளிர்ந்த, வயதான கோள் எதற்கும் படம் இல்லையா?

செழியன்:
இருக்கிறது. 12 ஒளியாண்டில் எப்சிலான் இண்டி ஏபி என்ற கோள். வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 10 மைக்ரானுக்கு மேற்பட்ட அலைநீளத்தில் எடுத்த படம் 2024-இல் வந்தது. அருமையான வேலை.

உங்கள் 8 அங்குலத்தில் கோளைப் பார்க்க முடியாது, அது விண்மீனை மறைப்பதை அளக்கலாம். எச்.டி. 189733 என்ற விண்மீனில் தொடங்குங்க, வானத்தில் டம்பெல் நெபுலா என்ற வாயு மேகத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். ஒளி 2.4 சதவீதம் வரை குறையும், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டாப்சோனியன் தாங்கி உதவாது, தானாகப் பின்தொடரும் தாங்கி வேண்டும். கேமராவின் பிக்சல் ஒளியால் நிறைந்து வழியாதபடி ஃபோகஸைக் கொஞ்சம் தளர்த்துங்க. அதே படத்தில் ஒத்த பிரகாசமுள்ள ஒப்பீட்டு விண்மீன் ஒன்றாவது இருக்கட்டும். மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து எடுக்காவிட்டால், விண்மீன் சரியச் சரிய வளிமண்டலம் உண்டாக்கும் சரிவைப் பிரித்தெடுக்க முடியாது.