குட்டைப் பந்து வந்தாலே வேலிக்குப் போகிறது, வழி சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வயது 38, டென்னிஸ் ஆடத் தொடங்கி இரண்டு வருடம். பின்கோடான பேஸ்லைனில் நின்று மாறி மாறி அடிக்கும் ரேலி ஓரளவு வருகிறது. வலைக்கும் பேஸ்லைனுக்கும் இடையிலுள்ள சர்வீஸ் கோட்டுப் பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு குட்டைப் பந்து எழும்பினால்தான் வினை. அடித்து முடிக்க வேண்டிய பந்து. ஓடிப்போய் ஓங்கி அடிப்பேன், நேரே பின்வேலியில் விழும்.

உள்ளங்கை மட்டைப் பிடிக்குச் சற்றே கீழ்ப்பக்கம் இருக்கும் செமி வெஸ்டர்ன் பிடிதான். போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால், மட்டை படும்போது பந்து தொடையை ஒட்டி இருக்கிறது, முன்னால் இல்லை. இடது கை சும்மா தொங்குகிறது, தோள் திரும்பவே இல்லை. வலை நடுவில் 3 அடி, ஓரத்தில் மூன்றரை, அதனால் குறுக்கே அடி என்கிறார் கூட ஆடும் அண்ணன். சரி, குறுக்கே அடித்தாலும் வெளியேதான்.

எங்கள் கோர்ட் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது (யார் போட்டார்களோ!). ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கிழக்கே அடித்தால் பந்து போயே போய்விடும்.

பின்னிழுப்பைச் சுருக்குவதா, பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டுக் கீழே இறக்கும் டாப்ஸ்பின்னைக் கூட்டுவதா? எதை முதலில் சரிசெய்யலாம்? அப்புறம், தனியாகச் சுவரில் அடித்தே இதைப் பழக முடியுமா?