6 வயதுப் பிள்ளையுடன் இயற்கைக் காப்பகம்: யோசனை தேவை

நண்பர்களே, ஞாயிறன்று பிள்ளைகளை அருகிலுள்ள இயற்கைக் காப்பகத்துக்கு அழைத்துப் போகிறேன். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. காலை ஆறரைக்கு வழிகாட்டியுடன் பறவை பார்க்கும் நடை. பத்து மணிக்கு வண்ணத்துப்பூச்சி வகுப்பு. வெயிலில் உடல் சூடேறினால்தான் அவை பறக்கும், அதனால் அந்த நேரம். மகளுக்கு இரண்டுமே வேண்டுமாம்.

சிக்கல் இளையவன்தான். சென்ற முறை மணலில் குழியானை என்னும் சிறு பூச்சியின் குழியைக் கண்டவன் அங்கேயே குந்திவிட்டான். புல் நுனியால் விளிம்பைச் சீண்டியதும் அடியிலிருந்து மணல் தெறித்தது. அரை மணி நேரம் அசையவில்லை. குழுவோ எங்கோ போய்விட்டது. உண்மையில் எங்களைவிட அவன்தான் அதிகம் பார்த்தான் என்பேன். வழிகாட்டியின் முகம்தான் சரியில்லை.

இப்படிப்பட்டவனைக் குழுவில் சேர்க்கலாமா, தனியே குளக்கரைப் பாதையில் விட்டுப்பிடிப்பது மேலா? இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே அவனை எப்படிச் சமாளிப்பது?

இன்னொன்று: எங்கள் 8 மடங்கு பைனாகுலர் அவன் கைக்குக் கனம், காட்சி ஆடிக்கொண்டே இருக்கிறது. 6 மடங்கில் எடை குறைந்ததைச் சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.