கம்பில்லாமல் ஆடினால் அது சிலம்பமா?

மதுரைக் கம்பு: "அறுபது தாண்டியவர்கள் சிலம்பத்தின் பக்கமே போகக் கூடாது, மெதுவாக அசைந்து செய்யும் சீனத்துத் தாய் சி பயிற்சி மட்டும்தான் பாதுகாப்பு" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எனக்கு 67 வயது. வாரம் மூன்று நாள் சிலம்பத்தின் காலடி வரிசை போடுகிறேன். முன்பெல்லாம் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க மாட்டேன், இப்போது சாதாரணமாக இறங்குகிறேன்.

கோவை பிசியோ: எழுதியது நான்தான். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். ஏற்கெனவே விழுந்தவர்கள், நடமாட்டம் தடுமாறியவர்கள் என 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேர். வாரம் இருமுறை, ஆறு மாதம் தாய் சி செய்தவர்கள், வெறுமனே கைகாலை நீட்டி மடக்கியவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். சிலம்பத்துக்கு இப்படி ஒன்று காட்டுங்கள். சுழற்றுகிற கம்பு சொந்த முழங்காலிலேயே பட்டால் யார் பொறுப்பு?

மதுரைக் கம்பு: காலடி போடும்போது கையில் கம்பே கிடையாதே! உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, திரும்பி, நின்று, மறுபடி எடுத்து வைப்பது. தாய் சியிலும் அதுதானே நடக்கிறது?

கோவை பிசியோ: கம்பு இல்லையென்றால் அது சிலம்பம் இல்லை. நடைப்பயிற்சி.

மதுரைக் கம்பு: எந்த ஆசானிடமாவது போய் இதைச் சொல்லிப் பாருங்கள். காலடி வராதவன் கையில் கம்பைக் கொடுக்கவே மாட்டார்கள். காலடிதான் சிலம்பம்.

வைகைக்கரை: என் மாமியாருக்கு 71 வயது. அவருக்குக் கம்போடுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நெற்றி உயர மூங்கில் கனமாக இருக்கிறது என்று மெல்லிய பிரம்பாக மாற்றிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறார்.

மதுரைக் கம்பு: பிரம்பா? மூங்கில்தான் முறை. எந்த ஊர் ஆசான் அவர்?

வைகைக்கரை: ஆசானைப் பற்றிப் பேச வேண்டாம் அண்ணா. போன மாதம் முழங்கால் எண்ணெய் விஷயத்திலும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள்.

மதுரைக் கம்பு: எண்ணெயைப் பற்றி நான் சொன்னது சரிதான். அதை விடுங்கள். வடகரை மீனாட்சி அம்மா எழுபது தாண்டியும் வாள் பிடித்தார், 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரிடம் போய் வயதைச் சொல்வீர்களா?

கோவை பிசியோ: அது கேரளத்துச் சண்டைக் கலையான களரி ஐயா, சிலம்பம் இல்லை. அவர் சின்ன வயதிலிருந்தே பழகியவர். 67இல் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவரை உதாரணம் காட்டலாமா?

மதுரைக் கம்பு: களரியிலும் கம்பு உண்டு, தெரியுமா? அப்புறம், நான் 64இல்தான் தொடங்கினேன். ஒருநாள்கூட விழவில்லை.

கோவை பிசியோ: கம்பில்லாமல் தொடங்கினீர்கள். அதைத்தான் சொல்கிறேன்.

மதுரைக் கம்பு: தம்பி, காலடிதான் சிலம்பம். எத்தனை முறை சொல்வது?

வைகைக்கரை: அப்படியென்றால் என் மாமியார் பிரம்போடு ஆடுவது என்ன?

மதுரைக் கம்பு: முதலில் அவருடைய ஆசான் எந்த ஊர் என்று சொல்லுங்கள்.