பம்ப்பைத் திருப்பி ஓட்டலாமா, டர்பைனே வாங்கணுமா?

ஓடைக்கரை: எங்க ஓடைத் தண்ணியில கரண்ட் எடுக்கணும். ஹெட், அதாவது தண்ணி இறங்குற உயரம், 20 மீட்டர்; ஓட்டம் நொடிக்கு 50 லிட்டர். புவியீர்ப்பு 9.81 × 0.05 கன மீட்டர் × 20, கிட்டத்தட்ட 10 கிலோவாட். இழப்பெல்லாம் போக 6 கைக்கு வராதா? இதுக்குப் போய் கிராஸ்ஃப்ளோ டர்பைன் (தண்ணி சக்கரத்துக்குக் குறுக்கே பாயுற வகை) வீண்செலவு. சாதா சென்ட்ரிஃபியூகல் பம்ப்பைத் தலைகீழா ஓட்டினா போதும். கெபாசிட்டர் சேர்த்தா மோட்டாரே ஜெனரேட்டர்.

வால்வு: அந்த 50 லிட்டர் எப்ப அளந்தது?

ஓடைக்கரை: மழை நின்னு ரெண்டு வாரத்துல. மிதவை விட்டுப் பார்த்தேன்.

வால்வு: மிதவை காட்டுறது மேல்மட்ட வேகம். சராசரி அதைவிடக் கம்மி, 0.85-ஆலயாவது பெருக்கணும், கல்லோடைன்னா இன்னும் குறையும். பெருக்கினீங்களா? கோடையில 20 லிட்டர்தான் வருதுன்னு வைங்க. பம்ப்புல தண்ணியை அளவா விடுற கைடு வேன் இதழ் கிடையாது, ஓட்டம் குறைஞ்சா அது சும்மா சுத்தும், கரண்ட் பேருக்குத்தான். கிராஸ்ஃப்ளோவுல மூணுல ஒரு பங்கு, ரெண்டு பங்குன்னு பிரிச்சுத் திறக்கலாம்.

ஓடைக்கரை: பெருக்கலை, ஒத்துக்கிறேன். ஆனா 20-க்கு ஒண்ணு, 30-க்கு ஒண்ணுன்னு ரெண்டு பம்ப் வச்சா? கோடையில சின்னது மட்டும் ஓடட்டும்.

வால்வு: 28 வர்ற நாள்ல மிச்ச 8 வழிஞ்சு போகுமே.

ஓடைக்கரை: போகட்டும் சார், ஓடைக்கும் தண்ணி வேணாமா?!

பழைய ஃபிட்டர்: மிஷினுக்கே இவ்வளவு சண்டையா? தம்பி, குழாய் என்ன சைஸ்?

ஓடைக்கரை: 6 இன்ச், 120 மீட்டர் நீளம்ணே.

பழைய ஃபிட்டர்: சரியாப் போச்சு. 150 மி.மீ.ல 50 லிட்டரைத் தள்ளினா உராய்வுலயே சுமார் 5 மீட்டர் ஹெட் போயிடும், கால்வாசி! 200 ஆக்கினா ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலதான். பம்ப்புல மிச்சம் பிடிச்ச காசைக் குழாயில போடு.

வால்வு: அண்ணே சொல்றதுல இன்னொண்ணும் இருக்கு. 6 இன்ச்சுலயே 20 லிட்டர் மட்டும் போனா இழப்பு ஒரு மீட்டர்கூட இல்ல. மிஞ்சுற ஹெட் மழைக்கு 15, கோடைக்கு 19. நீங்க எந்த ஹெட்டுக்குப் பம்ப் பார்த்து வச்சீங்க?

ஓடைக்கரை: 20-க்கு...

பழைய ஃபிட்டர்: இன்னும் வாங்கலையே? முதல்ல வி-நாட்ச் பலகை, அதான் V மாதிரி வெட்டின பலகை, ஓடைக்குக் குறுக்கே வச்சு ஒரு வருஷம் ஓட்டத்தை அள.

ஓடைக்கரை: 90 டிகிரி வெட்டு போதுமாண்ணே?

பழைய ஃபிட்டர்: தாராளம். 50 லிட்டருக்கு வெட்டு முனையிலிருந்து தண்ணி கிட்டத்தட்ட 27 செ.மீ. உயரம் நிக்கும், 20-க்கு 18. அளவுகோலைப் பலகையிலயே அடிச்சுடாத, ரெண்டு முழம் பின்னால நடு. வெட்டுக்கிட்ட தண்ணி சரிஞ்சிரும்.